பதிலுக்கு விட்ட இடம்

தர்கா தெருவுக்குள் நதியாவின் குரல் நுழையும்போது காலை மணி ஏழு ஐந்து. கொஞ்சம் தாமதமானாலும் முதல் வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர் வாசலுக்கு வந்து, "இன்னா நதியா, வண்டி பஞ்சரா?" என்று கேட்டுவிடுவார். அந்தத் தெரு அவள் குரலுக்கு அப்படிப் பழகிப் போயிருந்தது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரிடம் குப்பை எடுக்கும் பேட்டரி வண்டிகள் ஏழு இருந்தன. ஆறு வண்டிகளில் விசில். நதியாவின் வண்டியில் மட்டும் பாட்டு. அவளுக்குப் பாடகியாகும் ஆசையெல்லாம் என்றைக்கும் இருந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஆபீசில் கொடுத்த விசிலை அவள் தொலைத்துவிட்டாள், அவ்வளவுதான். ஏரிக்கரையோர இருளர் குடியிருப்பிலிருந்து வரப்பு வழியாக நடந்து வரும்போது எங்கேயோ நழுவி விழுந்துவிட்டது. புதிது கேட்டால் சூப்பர்வைசர் தாமோதரன் பத்துப் பேர் முன்னால் வைத்துத் திட்டுவார். "குப்பை, குப்பை" என்று கத்தவும் வெட்கமாக இருந்தது. நாற்று நடவிலும் செங்கல் சூளையிலும் உழைத்து உரமேறிய உடம்புதான் அவளுடையது. ஆனால் ஊர்த் தெருவில் நின்று குரல் உயர்த்திக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. கத்தத்தானே கூச்சம், பாடிவிட்டால் என்ன என்று தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாயில் வந்தது இதுதான்:

பச்சக்கூட பசிக்குது
நீலக்கூட காயுது
பாதி வழி நான் வந்தேன்
மீதி வழி நீ வாம்மா

ஈரக் குப்பைக்குப் பச்சைக் கூடை, காய்ந்த குப்பைக்கு நீலக் கூடை. ஊருக்கே தெரிந்த விஷயம். ஆனால் 'மீதி வழி நீ வாம்மா' என்று ஒரு பெண் வாசலில் நின்று பாடிவிட்டு நிறுத்தினால், உள்ளே இருப்பவர்களுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. யாராவது ஒரு குரல் கொடுத்தார்கள். அந்தக் குரல் வரும்வரை நதியா அடுத்த அடியைத் தொடமாட்டாள். வண்டி ஓட்டும் சுப்ரமணியும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கமாட்டார்.

நாளாக நாளாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பதில் அமைந்துவிட்டது. கண்டக்டர் "ரைட், ரைட்!" என்பார். நான்காவது வீட்டு பாக்கியமேரி டீச்சர் தலை வாரிக்கொண்டே, "ஒரு நிமிஷம்மா, ஒரே நிமிஷம்!" என்பாள். அது எப்போதும் மூன்று நிமிடம். ஆறாவது வீட்டில் தையல்காரர் பேசமாட்டார், இரண்டு தரம் இருமுவார். எட்டாவது வீட்டிலிருந்து வரும் பதிலுக்குத்தான் தெருவே சிரிக்கும்.

"உசுரோடதான் கீறேன்டி, வரேன்!"

அது வகிதாம்மா.

கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த முகம்மது கௌஸின் மனைவி. கௌஸ் பாய் இறந்து இரண்டு வருடம். ஒரே மகன் ஹாரிஸ் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். அறுபத்திரண்டு வயதில், சர்க்கரை நோயோடும் தேய்ந்த முழங்கால்களோடும், அந்த நீளமான வீட்டில் வகிதாம்மா தனியாக இருந்தாள். தினமும் காலையில் தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வாள். "எறும்பு கடிச்சா கத்துவேன், ஊசி குத்தினா சிரிப்பேன், பாத்துக்கோ" என்பாள்.

முதன்முதலில் அவள் டீ கொண்டு வந்து நீட்டிய நாளை நதியா மறக்கவில்லை. பழக்க தோஷத்தில் நதியா தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுத்து நீட்டினாள். எந்த வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அவள் எப்போதும் வைத்திருக்கும் டம்ளர் அது. வகிதாம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். நீலக் கூடையில் போட்டாள்.

"இது காஞ்ச குப்ப. எடுத்துக்கினு போ. என் வூட்டு டீ என் வூட்டு டம்ளர்லதான் குடிக்கணும்."

அவள் தந்தது எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே 'மு.கௌஸ்' என்று பெயர் வெட்டியிருந்தது. செத்துப்போன மனிதர் தினமும் டீ குடித்த டம்ளர். டீ இறங்குவதற்குள் கண்ணிலிருந்து இரண்டு சொட்டு அதிலேயே விழுந்தது. "உப்பு போட்ட டீ நல்லா கீதா?" என்று கேட்டு வகிதாம்மா அவளைச் சிரிக்க வைத்தாள்.

போன வருடம் லீவு முடிந்து ஹாரிஸ் கிளம்பிய அன்று, பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டு நேராகக் குப்பை வண்டியிடம் வந்தான்.

"அக்கா, எங்கம்மாவுக்கு லோ சுகர் ஆவும். ஆனா மயங்கி வுழுந்தாக்கூட யார்கிட்டயும் சொல்லாது. தினம் காலைல இந்த வூட்டு வாசல்ல நின்னு கூப்புடற ஒரே ஆளு நீங்கதான். அது கொரல கேட்டுட்டுப் போங்கக்கா. வேற எதுவும் வேணாம்."

"கேக்காம அடுத்த வூட்டுக்குப் போவமாட்டேன் தம்பி. நீ தைரியமா போய்ட்டு வா."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரில் ஏறினான். கொடுத்தது ஒரு வார்த்தைதான். ஆனால் அன்றிலிருந்து எட்டாவது வீட்டு வாசல் நதியாவுக்கு வேலையின் ஒரு பகுதியாக இல்லை. வேலைதான் அந்த வாசலின் ஒரு பகுதியாகிவிட்டது. வகிதாம்மாவும் தன் பங்குக்கு ஒரு நாள் சமையலறை வரை கூட்டிப்போய்க் காட்டினாள்.

"அதோ, அடுப்பு மேடைல செவப்பு டப்பா. எனக்கு எப்பனா கண்ணு இருட்டிச்சின்னா அதுல கீற குளுக்கோஸ கரைச்சு வாயில ஊத்து. அழுதுக்கினு நிக்காத."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாட்டுக்குப் புகழ் வந்தது. ஆய்வுக்கு வந்த ஒரு பெரிய அதிகாரி, தர்கா தெருவில் மட்டும் குப்பை பிரிந்து வருவதைப் பார்த்துவிட்டு, பாட்டையும் நின்று கேட்டுவிட்டு, ஒப்பந்தக்காரரின் தோளைத் தட்டினார். மறுநாளே தாமோதரன் நதியாவைக் கூப்பிட்டார்.

"நதியா, உன் பாட்ட ரெக்கார்ட் பண்றோம். ஏழு வண்டிலயும் ஸ்பீக்கர் வெச்சுப் போடப் போறோம். நீ இனிமே ஸ்டாரு!"

கடைத்தெருவில் கல்யாண வீடியோவும் மைக்செட்டும் வைத்திருக்கும் வஹாபின் கடையில் பதிவு நடந்தது. கண்ணாடிக் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, கறுப்பு மைக்கை அவள் வாய்க்கு நேராக வைத்தார் வஹாப். நதியா வாயைத் திறந்தாள். பாட்டு வரவில்லை.

"இன்னாம்மா?"

"எந்த வூட்டப் பாத்துப் பாடறது பாய்?"

"செவுத்தப் பாத்துப் பாடு."

"செவுரு பதில் சொல்லாதே."

வஹாப் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் நதியா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வீட்டைப் பார்த்தாள். பாடினாள், நிறுத்தினாள். மனசுக்குள் கண்டக்டர் "ரைட்" சொன்னதும் அடுத்த வீட்டுக்குப் போனாள். எட்டாவது வீட்டு வாசலில் கூடுதலாகவே நின்றாள், வகிதாம்மாவுக்கு முழங்கால் வலி அல்லவா? மூலையில் நின்ற சுப்ரமணிக்கு அவள் எந்த வாசலில் நிற்கிறாள் என்று ஒவ்வொரு தரமும் தெரிந்தது. வஹாபுக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஹெட்போனை அவள் காதில் மாட்டிவிட்டுப் பெருமையாக நின்றார்.

"நடுநடுவுல நீ மறந்துபோய் நின்னுட்ட. கவலப்படாத, அந்த கேப் எல்லாம் கட் பண்ணிட்டேன். தபேலா சேத்துட்டேன், கொஞ்சம் எக்கோ குட்த்துருக்கேன். நீட்டா கீது பார்!"

கேட்டாள். தன் குரலா அது? தேன் தடவினாற்போல இருந்தது. பாட்டு முடிந்த நொடியே மறுபடியும் தொடங்கி, மூச்சு வாங்காமல் ஓடியது. ஏதோ ஒன்று குறைகிறது என்று உள்ளே குறுகுறுத்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் குறை சொன்னால் நன்றாகவா இருக்கும்? "சூப்பரா கீது பாய்" என்றாள்.

உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. பேருந்து நிலையத்தில் அவள் குரல். சாலவாக்கம் போகிற சாலையில் அவள் குரல். அவள் கணவன் ஆனந்தன் வேலைக்குப் போகும் இடத்தில் எல்லோரையும் பிடித்து நிறுத்தி, "இது எங்க வூட்ல பாடினது" என்றான். ஹாரிஸ் அதைக் கேட்டு வாங்கித் தன் செல்போனுக்கு ரிங்டோனாகவே வைத்துக்கொண்டான். "அக்கா, போன் அடிச்சா எங்க தெருவே வந்துருதுக்கா" என்று அவன் சொன்னபோது நதியா பூரித்துப்போனாள்.

அதோடு ஒரு உத்தரவும் வந்தது. ரெக்கார்டு ஓடும்போது கூடவே யாரும் பாடக்கூடாது, இரண்டு குரலாகக் கேட்கிறது. தெருவுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை பாட்டு நிற்கக் கூடாது. வண்டியில் செல்போனை மாட்டி வீடியோ எடுத்து தினமும் குரூப்பில் போட வேண்டும். "பாட்டு ஓடலன்னா வண்டிய விட்டு எறக்கிடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்றார் தாமோதரன்.

பாட்டு ஓடியது. தெருதான் மாறியது.

நிற்காத பாட்டுக்கு எங்கே பதில் சொல்வது? கண்டக்டர் இரண்டு நாள் "ரைட்" சொல்லிப் பார்த்தார். தபேலாவுக்குள் அது முங்கிப்போனது. விட்டுவிட்டார். டீச்சரின் ஒரு நிமிஷத்துக்கு வண்டி காத்திருக்கவில்லை. அவள் படுக்கப் போகும் முன்பே கூடைகளை வாசலில் வைக்கத் தொடங்கினாள். அதைப் பார்த்து எல்லோரும் வைத்தார்கள். வகிதாம்மாவும் வைத்தாள். காலையில் தெரு முழுக்க மூடின கதவுகளும், கதவுக்கு இரண்டாகக் கூடைகளும்தான்.

முதல் வாரம் நதியா எட்டாவது வீட்டுக் கதவைத் தட்டிப் பார்த்தாள். வகிதாம்மாவே ஒரு நாள் கடிந்துகொண்டாள்.

"எதுக்குடி டெய்லி தட்டற? பாட்டு தெருமுனைல வர்றப்பவே கேக்குதே. நீ வந்துட்டேன்னு தெரிஞ்சிடுது. முட்டி வலியோட எழுந்து வரணுமா? கூட வாசல்லதான கீது, எடுத்துக்கினு போ."

சரிதான் என்று நதியாவும் தட்டுவதை விட்டாள். பாட்டு கேட்டால் நதியா இருக்கிறாள் என்று வகிதாம்மா நினைத்தாள். கூடை இருந்தால் வகிதாம்மா இருக்கிறாள் என்று நதியா நினைத்தாள். கூடையை வைத்தது முந்தின ராத்திரி. பாட்டைப் பாடியது போன மாதம். ஹாரிஸுக்குக் கொடுத்த வார்த்தை இப்படித்தான், ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, ஒரு ஸ்பீக்கருக்குக் கீழே புதைந்துபோனது.

பத்தொன்பதாவது நாள் ஒரு வியாழக்கிழமை.

எட்டாவது வீட்டு வாசலில் இரண்டு கூடைகளும் இருந்தன. கதவு ஆணியில் பால் பாக்கெட் பை தொங்கியது. நதியா கூடைகளைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். வண்டி நகர்ந்தது. தர்கா தெரு முட்டுத் தெரு, கடைசி வீடு வரை போய் அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பி வருவதற்குள் எப்போதும் வகிதாம்மா கூடைகளையும் பாலையும் உள்ளே எடுத்துப் போயிருப்பாள். அன்று திரும்பி வரும்போது, கூடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பால் பையும் தொங்கிக்கொண்டிருந்தது.

நதியா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினாள்.

"அண்ணா, பாட்ட நிறுத்து."

"வீடியோ ஓடிக்கினு கீது, நதியா. அந்தாளு கத்துவாரு" என்றார் சுப்ரமணி.

"நிறுத்துண்ணா!"

அவரை எதிர்பார்க்காமல் அவளே கையை நீட்டி ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்தாள். பத்தொன்பது நாளாக ஓயாமல் ஓடிய சத்தம் அறுந்து விழுந்தது. அப்போதுதான் தெருவில் இத்தனை சத்தங்கள் இருப்பதே தெரிந்தது. யார் வீட்டிலோ குக்கர். எங்கேயோ ஒரு குழந்தை. கம்பத்தில் காக்கை.

"வகிதாம்மா!" என்று கத்தினாள். கதவை ஓங்கித் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஆளாளுக்குப் பேசினார்கள். "தூங்கிக்கினு இருப்பாங்க." "சொந்தக்காரங்க வூட்டுக்குப் போய்ட்டாங்களோ என்னவோ." "போன் போட்டுப் பாரு."

"யாரும் பேசாதீங்க!"

இருளர் குடியிருப்பிலிருந்து வந்து குப்பை எடுக்கிற நதியா, தர்கா தெருவைப் பார்த்து இப்படி ஒரு அதட்டல் போடுவாள் என்று யாரும் நினைத்ததில்லை. அவளே நினைத்ததில்லை. தெரு கப்பென்று அடங்கியது. அவள் கதவில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணை மூடி, பாடினாள்.

பச்சக்கூட பசிக்குது
நீலக்கூட காயுது
பாதி வழி நான் வந்தேன்
மீதி வழி நீ வாம்மா

நிறுத்தினாள்.

வஹாப் கத்தரித்து எறிந்த அந்த இடம் மறுபடியும் தெருவில் வந்து நின்றது. மூச்சு விடக்கூட பயந்து எல்லோரும் நின்றார்கள். பதில் இல்லை. இரண்டாம் தரம் பாடினாள். குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே 'நீ வாம்மா' வரை வந்து நிறுத்தினாள்.

டங்.

காதுதான் ஏமாற்றுகிறதோ? சுப்ரமணியைப் பார்த்தாள். அவர் கண்கள் விரிந்திருந்தன.

டங்... டங்.

எவர்சில்வர் தரையில் மோதும் சத்தம். மெலிசாக, யாரோ கடைசித் தெம்பைக் கூட்டிக் கூட்டித் தட்டுவது போல.

அந்தச் சத்தத்துக்காகவே பிறந்தவள் போல நதியா ஓடினாள். பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போய், தலைக்கு மேல் உயரமான மதிலை ஒரே தாவலில் பிடித்து ஏறினாள். மேலே பதித்திருந்த கண்ணாடிச் சில்லு உள்ளங்கையைக் கிழித்தது தெரியவில்லை. தோட்டத்துக் கதவு வெறும் கொக்கிதான். தோளால் இடித்துத் திறந்தாள்.

சமையலறைத் தரையில் வகிதாம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். ஊசி போட்டுக்கொண்டவள், நாஷ்டா செய்வதற்குள் சரிந்திருக்கிறாள். முகமெல்லாம் வியர்வை. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வலது கையில் மட்டும், விடாமல் பிடித்தபடி, 'மு.கௌஸ்' டம்ளர்.

நதியா அழவில்லை. அழுதுகொண்டு நிற்காதே என்று சொல்லியிருந்தாளே. சிவப்பு டப்பாவை எடுத்தாள். அதே டம்ளரை அவள் விரல்களிலிருந்து மெல்ல விடுவித்து, அதிலேயே குளுக்கோஸைக் கரைத்தாள். தலையை மடியில் நிமிர்த்தி வைத்து, அவள் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்து, சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். அதற்குள் அவள் பின்னாலேயே மதிலேறி வந்த சுப்ரமணி, முன் கதவின் தாழ்ப்பாளை விலக்கித் தெருவை உள்ளே விட்டார். கண்டக்டர் நூற்றெட்டுக்குப் போன் போட்டார்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது வகிதாம்மாவுக்குக் கண் தெளிந்திருந்தது. நதியாவின் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தாள்.

"கத்தணும்னு பாத்தேன்டி. கொரல் வர்ல" என்றாள், மூச்சு மூச்சாக. "பாட்டு மொதல்லயே ஓடிச்சு. அப்பவும் தட்டினேன். அது பாட்டுக்குப் போயிடுச்சு. அப்புறம் வந்துது பாரு... அதுதான் நீ."

அப்போதுதான் நதியாவுக்கு அடக்கிய அழுகை வெடித்தது. போகும்போதே தட்டியிருக்கிறாள். தன் குரலேதான் அந்தச் சத்தத்தைத் தன் காதில் விழாமல் அடித்திருக்கிறது. ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்பி மறையும்வரை தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "வாண்ணா, பாக்கித் தெரு கீது" என்றாள். மீதித் தெருக்களில் ஸ்பீக்கர் போடவில்லை.

மத்தியானம் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். எதற்கென்று தெரியும். நதியா கைகட்டி நிற்கவில்லை. எதிரிலிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாமோதரனுக்கு அதுவே பாதி அதிர்ச்சி.

"அந்தம்மாவக் காப்பாத்தின, நல்லது. நான் இல்லன்னு சொல்லல. அதுக்கப்புறமும் அஞ்சு தெரு பாட்டு இல்லாம வந்துருக்கு. மேலிடம் வீடியோ கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?"

"சார், உங்க போன்ல அந்தப் பாட்டப் போடுங்க."

"எதுக்கு?"

"போடுங்க சார், சொல்றேன். சவுண்ட முழுசா வெச்சுப் போடுங்க."

போட்டார். தபேலாவும் எக்கோவுமாக அறை அதிர்ந்தது. நதியா அவரைப் பார்த்துச் சாதாரணக் குரலில் ஏதோ சொன்னாள்.

"இன்னா?"

மறுபடியும் சொன்னாள். அவர் காதை முன்னால் நீட்டினார். "இன்னா சொல்ற? கேக்கல!" அவள் மூன்றாம் தரமும் சொன்னாள். வாசலில் நின்ற சுப்ரமணி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். தாமோதரன் பொறுமையிழந்து பாட்டை நிறுத்தினார்.

"சட்டைல பட்டன மாத்திப் போட்டுக்கினு கீறீங்கன்னு மூணு வாட்டி சொன்னேன் சார்."

தாமோதரன் குனிந்து பார்த்தார். சட்டையின் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பட்டன்கள் கோணலாகத் தொங்கின. காலையிலிருந்து அப்படியேதான் ஊரைச் சுற்றியிருக்கிறார். அவசர அவசரமாகக் கழற்றி மாட்டத் தொடங்கினார்.

"உங்க சட்டைக்கே இப்பிடி. அங்க ஒரு உசுரு தரைல கிடந்து தட்டிக்கினு இருந்துது" என்றாள் நதியா. குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை. "அது என் கொரல்தான் சார். நல்லாத்தான் கீது. கடைத்தெருவுல, பஸ் ஸ்டாண்டுல ஓடட்டும், ஊரு கேக்கட்டும். எனக்கும் பெருமதான். ஆனா அது பாட மட்டுந்தான் செய்யும். நான் பாடறது பாதி, நின்னு கேக்கறது பாதி. வூட்டுத் தெருவுல நான் பாடிக்கறேன். வண்டிய விட்டு எறக்கறதா இருந்தா எறக்கிக்கோங்க. நடந்து போயாவது பாடுவேன்."

தாமோதரன் கடைசிப் பட்டனில் கொஞ்ச நேரம் செலவழித்தார்.

"மேலிடம் கேட்டா?"

"எட்டாவது வூட்டு அட்ரஸ் குடுங்க."

சுப்ரமணியால் இதற்கு மேல் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டார். தாமோதரனும் வேறு வழியில்லாமல் கொஞ்சம் சிரித்தார். மறுநாள் குரூப்பில் புது உத்தரவு வந்தது: வீட்டுத் தெருக்களில் ஸ்பீக்கர் தேவையில்லை. எழுதியது என்னவோ அவர் யோசனை போலத்தான் இருந்தது. நதியா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

மற்ற ஆறு வண்டிக்காரர்களுக்குத்தான் சங்கடம். "எங்களுக்கு எங்க பாட வருது?" என்றார்கள். "பாட வர்லன்னா பேர் சொல்லிக் கூப்புடுங்க. கூப்ட்டுட்டு நில்லுங்க. நிக்கறதுதான் முக்கியம்" என்றாள் அவள். ராணிப்பேட்டைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வீடு விடுகதை போடத் தொடங்கி, பதில் கிடைக்கும்வரை நகர மறுத்ததால் மூன்று நாள் வேலை தாமதமானது தனிக் கதை.

ஆறு நாள் கழித்து வகிதாம்மா வீடு திரும்பினாள். அன்றைக்கே ஹாரிஸ் குவைத்திலிருந்து பேசினான். பேச்சில் பாதி அழுகை.

"அக்கா, எனக்கு ஒரு உதவி. நீங்க பாடறதும் எங்கம்மா பதில் சொல்றதும் சேத்து ஒரு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்கக்கா. தினம் எழுந்ததும் போட்டுக் கேட்டுக்கறேன். மனசுக்குத் தெம்பா இருக்கும்."

ஊருக்கே இளகும் மனசுதான் நதியாவுக்கு. ஆனாலும் உடனே சொன்னாள்:

"வேணாம் தம்பி. நேத்து சொன்ன பதில இன்னிக்குக் கேட்டுட்டு நீ நிம்மதியா வேலைக்குப் போவ. இன்னிக்கு இங்க இன்னான்னு உனக்கு எப்பிடித் தெரியும்? ஏழேகாலுக்கு எனக்குப் போன் போடு. அப்ப அங்க இன்னா மணி?"

"அஞ்சுக்குக் கால் மணி நேரம் இருக்கும்க்கா. தொழுவ எழுந்துக்கற நேரந்தான்."

"அப்பறம் இன்னா? போடு. பேச வேணாம், கேளு போதும்."

மறுநாள் காலை வண்டி தர்கா தெருவுக்குள் நுழைந்தது. கண்டக்டர் "ரைட், ரைட்!" என்றார். டீச்சர் மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டாள். தையல்காரர் இரண்டு தரம் இருமினார், கூடவே புதிதாக ஒரு செருமல், மரியாதைக்கு. எட்டாவது வீட்டு வாசலுக்கு வந்தபோது நதியாவின் மேல்கோட்டுப் பையில் போன் அடித்தது. எடுத்து, பச்சையை அழுத்தி, சத்தம் வெளியே கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, அப்படியே பையில் வைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையைக் கதவுப்பக்கம் நீட்டியபடி பாடினாள்.

பாதி வழி நான் வந்தேன்
மீதி வழி நீ வாம்மா

நின்றாள். சுப்ரமணி பிரேக்கில் கால் வைத்துக் காத்திருந்தார். பையில் கடல் தாண்டி ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்டது. உள்ளே தடி ஊன்றும் சத்தம். ஒரு அடி. நின்றது. இன்னொரு அடி. அவசரமே இல்லை, நதியாவிடம் நேரம் இருந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

"உசுரோடதான் கீறேன்டி! கத்தாத, டீ ஆறுது!"

நதியாவின் பையிலிருந்து ஹாரிஸ் சிரித்தது தெரு முழுக்கக் கேட்டது.